முப்பது பெயர்களும் ஒரு பெட்டி ரோல்ஸும்

வெள்ளிக்கிழமை இரவுகளில் ஸ்காபரோ கோப்பிக்கடையின் மூலை மேசையில் கூடும் ரொறன்ரோ லீஃப்ஸ் ரசிகர்களுக்கு, அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், எங்கள் எல்லாரையும் விட ஆட்டம் தெரிந்த அந்த ஒரேயொரு தங்கச்சிக்கும்,



அட்லாண்டாவுக்கு மூன்றாந் தடவையாக ஒரு ஹொக்கி அணி வரப்போகிறது, இல்லை, ஹியூஸ்டனுக்குத்தான் என்ற கதை மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டது. அணி இன்னும் பிறக்கவில்லை. பெயர் இல்லை, சட்டைக்கு நிறம் இல்லை, சொந்தக்காரர் யாரென்றும் தெரியாது. அதற்குள் போன கிழமை உங்களில் இரண்டு பேர் கைதுடைக்கும் கடதாசியை விரித்து, அந்தப் புதிய அணிக்கு லீஃப்ஸ் யாரை இழக்கும் என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள். பிள்ளை பிறக்க முன்னம் சாதகம் எழுதுகிற வேலை. நானும் ஒரு பெயர் சொல்ல வாயெடுத்தேன்; பிறகு அடக்கிக்கொண்டேன். மேசையில் சொன்னால் அது சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

2021 ஜூலை 21 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதன்கிழமை. கோவிட் காலம் என்பதால் கடையை விட்டு என் வீட்டுக் கராஜில் கதிரை போட்டிருந்தோம். சியாட்டில் கிராக்கன் தன் முதல் முப்பது வீரர்களை அறிவிக்கும் இரவு. ஆளுக்கொரு பட்டியல். அதிகம் பிழை விடுகிறவர் மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி வாங்கித் தரவேண்டும். சியாட்டிலில் காஸ் வேர்க்ஸ் பூங்காவில், ஏரிக்கரையில் மேடை போட்டு, பெரிய எடுப்பில் பெயர்களை வாசித்தார்கள். ஆனால் ஒளிபரப்புத் தொடங்க முன்னரே செய்தியாளர்கள் பெரும்பாலான பெயர்களை வெளியே விட்டுவிட்டதால், மேடையில் முதல் பெயர் வாசிக்கும்போதே நான் ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்தாயிற்று. முப்பதில் ஆறு சரி. காசு போனதில் கவலையில்லை. மற்ற இருபத்துநாலும் ஏன் பிழைத்தன என்பதுதான் இத்தனை வருடமாக என்னை விட்டுப் போகவில்லை.

பழைய அணிகளிலிருந்து புதிய அணி ஆள் எடுக்கும் இந்த எக்ஸ்பான்ஷன் ட்ராஃப்டின் விதி எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். பழைய அணி ஒவ்வொன்றும் ஏழு முன்கள வீரர், மூன்று தடுப்பு வீரர், ஒரு கோலி என்று பதினொரு பேரைக் காப்பாற்றலாம். அல்லது எந்த இடத்தில் ஆடுகிறவராக இருந்தாலும் எட்டுப் பேர், அதோடு ஒரு கோலி என்று ஒன்பது பேரைக் காப்பாற்றலாம். தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் முதல் இரண்டு வருடங்களைத் தாண்டாத இளசுகள் தாமாகவே தப்பிவிடுவார்கள். சம்மதம் இல்லாமல் அசைக்கமுடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவரை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அணி காப்பாற்றியே தீரவேண்டும். மிஞ்சியவர்களில் ஒரே ஒருவரைப் புதிய அணி தூக்கிக்கொண்டு போகும்.

இவ்வளவும் மேசையில் எல்லாருக்கும் மனப்பாடம். மறந்துபோவது மறுபக்கம். புதிய அணிக்கும் கட்டு இருந்தது. முப்பதில் குறைந்தது பதினாலு முன்கள வீரர், ஒன்பது தடுப்பு வீரர், மூன்று கோலி. இருபது பேருக்காவது அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் இருக்கவேண்டும். எடுத்தவர்களின் சம்பளத்தைக் கூட்டினால் அது லீக்கின் சம்பள உச்சவரம்பின் 60 வீதத்துக்குக் கீழே போகவும் கூடாது, 100 வீதத்தைத் தாண்டவும் கூடாது. 2021இல் அந்த உச்சவரம்பு 81.5 மில்லியன் டொலர். நான் அணி அணியாகப் போய் நல்ல ஆள் நல்ல ஆளாகப் பொறுக்கினேனே தவிர, கடைசியில் கூட்டிப் பார்க்கவேயில்லை. மறுநாள் காலை கூட்டிப் பார்த்தேன். என் சியாட்டில் ஆட்டம் தொடங்க முன்னமே சட்டத்தை மீறியிருந்தது. சாமான் பட்டியல் போட்டவனுக்குப் பையில் எவ்வளவு காசு என்ற நினைப்பே இருக்கவில்லை.

கூட்டல் பிழையைத் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய பிழை, நாங்கள் எல்லாரும் புதிய அணியின் முகாமையாளர் கதிரையில் போய் இருந்துகொண்டு யோசித்ததுதான். அவர் யாரை விரும்புவார், அவருக்கு யார் தேவை என்று. அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியவேண்டுமென்றால் மற்ற முப்பது முகாமையாளரின் கதிரையில் இருந்து பார்க்கவேண்டும். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? எக்ஸ்பான்ஷன் ட்ராஃப்டில் கணிக்கவேண்டியது வீரனை அல்ல, அந்தப் பயத்தை. இதை நான், வேகஸ் அணி வந்த 2017இன் ட்ராஃப்டைத் திரும்பப் படித்துத்தான் கண்டுகொண்டேன்.

வேகஸ் கோல்டன் நைட்ஸ் லீக்குக்குள் வரக் கட்டிய தொகை 500 மில்லியன் டொலர். 2000ஆம் ஆண்டில் கொலம்பஸும் மினசோட்டாவும் கட்டியது ஆளுக்கு 80 மில்லியன்தான். அந்த 80 மில்லியன் காலத்தில் பழைய அணிகளைப் பதினைந்து பேர் வரை காப்பாற்ற விட்டார்கள். புதிய அணிக்கு மிஞ்சியது பழைய சாமான். அரை பில்லியன் வாங்கிக்கொண்டு ஒருவனுக்கு அப்படிக் கடைப்புறத்துக் கழிவைக் கொடுக்க முடியுமா? அதனால் காப்பாற்றும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஒவ்வொரு அணியிலும் உள்ள நாலாவது தடுப்பு வீரரும் இரண்டாவது கோலியும் திடீரென்று வெளியே நின்றார்கள். முப்பது முகாமையாளரும் நித்திரை இழந்தார்கள்.

வேகஸின் முகாமையாளர் ஜோர்ஜ் மக்ஃபீ அந்த நித்திரையின்மையை விலைக்கு வாங்கினார். அல்லது, அவர்கள்தான் அவருக்குக் காசு கொடுத்து நித்திரையை வாங்கினார்கள் என்று சொன்னால் இன்னும் சரி.

அனஹைம் அணிக்குத் தன் தடுப்பு வீரர்களில் நல்லவர் ஒருவர் போய்விடுவாரே என்று பயம். இவர்களைத் தொடாமல் கிளேட்டன் ஸ்டோனரை எடுத்துக்கொள், அதற்குக் கூலியாக ஷே தியோடோர் என்ற இளைஞனைத் தருகிறோம் என்றது. ஸ்டோனர் வேகஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தியோடோர் அந்த அணியின் முதுகெலும்பு ஆனார். மினசோட்டாவும் அதே வழிக்குப் போனது: எரிக் ஹௌலாவை எடு, கூடவே அலெக்ஸ் டக்கையும் வைத்துக்கொள். பிட்ஸ்பர்க்கில் மாட் மரி என்ற இளம் கோலியைக் காப்பாற்றவேண்டும். மார்க்-ஆன்ட்ரே ஃப்ளூரியின் ஒப்பந்தத்திலோ அசைக்கமுடியாது என்ற வரி. ஃப்ளூரி தானாக அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். அப்படியும், அவரை எடுப்பது உறுதி என்பதற்காக பிட்ஸ்பர்க், இளம் வீரர்களை எடுக்கும் வருடாந்த ட்ராஃப்டில் தன் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் மேலே வைத்தது. ஸ்டான்லி கிண்ணம் வென்ற கோலி ஒருவரைக் கொடுத்து, கையில் காசும் கொடுத்து அனுப்பிய கதை இது.

ஃபுளோரிடாவின் கதையை மெதுவாக வாசியுங்கள். முந்திய பருவத்தில் அந்த அணிக்காக 30 கோல் போட்டவர் ஜொனதன் மார்ஷஸோ. அடுத்த பருவத்துக்கு அவர் சம்பளம் ஏழரை இலட்சம் டொலர். இந்த லீக்கில் அது சில்லறை. நாலு தடுப்பு வீரரைக் காப்பாற்றப் போய் ஃபுளோரிடா அவரை வெளியே விட்டது. அதோடு நிற்கவில்லை. இன்னும் ஐந்து வருடம் வருடத்துக்கு ஐந்து மில்லியன் கொடுக்கவேண்டிய ரைலி ஸ்மித்தையும், ஒரு நாலாம் சுற்றுத் தெரிவுக்காக வேகஸிடமே தள்ளிவிட்டது. ஒரே அணியின் முதல் வரிசையில் ஆடக்கூடிய இரண்டு பேர், ஒரே நாளில், பயத்தாலும் கணக்குப் பிழையாலும் போனார்கள். ஆறு வருடம் கழித்து, 2023 ஜூனில், வேகஸ் ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியது. இறுதிப் போட்டியில் தோற்ற அணி ஃபுளோரிடா. அந்தத் தொடர் முழுவதற்கும் மிகச் சிறந்த வீரர் என்று கோன் ஸ்மைத் விருது வாங்கியவர் மார்ஷஸோ. இப்படி ஒரு கதையை யாராவது எழுதிக்கொண்டு வந்தால், கொஞ்சம் குறையுங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

கொலம்பஸ் கதையில் எங்களுக்கும் பங்கு உண்டு. 2013இல் லீஃப்ஸ் ஏழு வருடத்துக்கு 36.75 மில்லியன் டொலர் பேசிக் கூட்டி வந்த டேவிட் கிளார்க்சனை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் ஒருவர் அவர் பெயர் போட்ட சட்டை வாங்கியவர். யாரென்று இங்கே எழுதவில்லை. 2015இல் அந்த ஒப்பந்தத்தைக் கொலம்பஸ் தலையில் கட்டினோம். முதுகுக் காயத்தால் கிளார்க்சன் ஆட்டத்தை விட்டபின், அந்தச் சுமையை இறக்கவும் தங்கள் நல்ல ஆட்களைக் காக்கவும் கொலம்பஸ் வேகஸுக்குக் கொடுத்ததைப் பாருங்கள்: ஒரு முதல் சுற்றுத் தெரிவு, ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவு. அதற்குப் பதிலாக வேகஸ் கிளார்க்சனின் ஒப்பந்தத்தை ஏற்றது. கொலம்பஸுக்குப் பெரிதாகத் தேவைப்படாத வில்லியம் கார்ல்சனை எடுத்துப் போகவும் சம்மதித்தது. முந்திய பருவத்தில் கார்ல்சன் போட்டது ஆறு கோல். வேகஸில் முதல் பருவத்தில் போட்டது நாற்பத்து மூன்று.

கிளார்க்சனின் ஒப்பந்தம் என்ன ஆனது என்கிறீர்களா? 2019இல் சுற்றிச் சுழன்று மறுபடி ரொறன்ரோவுக்கே வந்து சேர்ந்தது. உச்சவரம்புக் கணக்கில் ஒரு வித்தை காட்டுவதற்காக நாங்களே திரும்ப வாங்கினோம். கல்யாண வீட்டில் கொடுத்த எவர்சில்வர் தட்டம் நாலு வீடு சுற்றி எங்கள் வீட்டுக்கே பரிசாக வந்த மாதிரி.

அந்த வேகஸ் முதல் பருவத்திலேயே 51 ஆட்டம் வென்று, 109 புள்ளி எடுத்து, இறுதிப் போட்டி வரை போய் வாஷிங்டனிடம் தோற்றது. முன்பு வந்த புதிய அணிகள் எப்படியிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு தெரியும். அதே வாஷிங்டன் 1974இல் பிறந்தபோது எண்பது ஆட்டத்தில் வென்றது எட்டு. 1992இல் ஒட்டாவா எண்பத்துநாலில் வென்றது பத்து. ஒட்டாவாவின் ட்ராஃப்ட் இன்னும் பெரிய கூத்து. மொன்றியலில் நடந்த அந்தக் கூட்டத்தில் அவர்களின் மடிக்கணினி வேலைசெய்யாமல் போக, எடுக்கத் தகுதியில்லாத வீரர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, சபை நடுவே மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. எங்கள் கராஜ் பட்டியல்கள் பரவாயில்லை.

அதற்கும் முன்னால் 1967. லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்ற வருடம் என்பதால் அந்த இலக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மே 2ஆம் திகதி கிண்ணம். ஜூன் 6ஆம் திகதி, ஆறு புதிய அணிகளுக்கான எக்ஸ்பான்ஷன் ட்ராஃப்ட். ஓர் அணி ஒரு கோலியைத்தான் காப்பாற்றலாம். லீஃப்ஸிடம் இருந்ததோ இரண்டு கிழடுகள், இரண்டும் தங்கம். 42 வயது ஜொனி பவரை வைத்துக்கொண்டு 37 வயது டெரி சோச்சக்கை வெளியே விட்டார்கள். அன்று முதல் பெயராக லொஸ் ஏஞ்சலிஸ் எடுத்தது சோச்சக்கை. கிண்ணம் வென்று ஐந்து கிழமை ஆகியிருந்தது. அதன்பின் இன்றுவரை இந்த நகரம் கிண்ணத்தைக் காணவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எக்ஸ்பான்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ரொறன்ரோ ரசிகனுக்கு வயிற்றைக் கலக்குவதற்குப் பரம்பரைக் காரணம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்.

சரி, 2021க்கு வருகிறேன். எல்லாரும் சியாட்டிலும் வேகஸ் மாதிரியே கொள்ளையடிக்கும் என்று காத்திருந்தோம். விதி அதே விதி. தொகை மட்டும் 650 மில்லியனாக ஏறியிருந்தது. முகாமையாளர் ரொன் ஃபிரான்சிஸ், ஆடிய காலத்தில் பெரிய ஆட்டக்காரர். வேகஸுக்கு இம்முறை விலக்கு. ஆகவே முப்பது அணி, முப்பது பெயர். ஆனால் பக்கப் பேரம் ஒன்றுகூட அன்றிரவு அறிவிக்கப்படவில்லை. மற்ற முகாமையாளர்கள் 2017இல் பட்ட சூட்டை மறக்கவில்லை. ஒருவர் போனால் ஒருவர்தானே, அவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேரைக் கொடுப்பானேன் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். பயம் விலைபோகாத சந்தையில் ஃபிரான்சிஸிடம் யாரும் காசோடு வரவில்லை. என் பட்டியல் 2017இன் பயத்தை வைத்து 2021ஐக் கணித்தது. இருபத்துநாலு பிழையில் பாதிக்கு மேல் இதனால்தான்.

கேரி பிரைஸை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஆறு பேரின் பட்டியலில் நாலு பேர் அவர் பெயரை எழுதியிருந்தோம். மொன்றியலை இரண்டு கிழமைக்கு முன்புதான் இறுதிப் போட்டி வரை கொண்டுபோன கோலி. சிறு வயதில் ட்ரை-சிட்டி அணிக்காக, சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலேயே ஆடியவர். அசைக்கமுடியாத உரிமையை அவராகவே விட்டுக்கொடுத்தார். மற்றக் கோலி ஜேக் அலனை மொன்றியல் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று. புதிய நகரம், பெரிய முகம், சட்டை விற்பனை. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வருடத்துக்கு 10.5 மில்லியன், இன்னும் ஐந்து வருடம், உடம்பில் காயம். மொன்றியல் பயந்து அவரை வெளியே விடவில்லை. எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து விட்டது. அதைத்தான் நாங்கள் வாசித்திருக்கவேண்டும். அடுத்த பருவத்தில் பிரைஸ் ஆடியது ஐந்தே ஆட்டம். அதோடு சரி.

செயின்ற் லூயிஸ் பக்கம் நாங்கள் இன்னும் சத்தமாகப் பிழை விட்டோம். விளாடிமிர் டாரசென்கோ வெளியே நின்றார். தோளில் சத்திரசிகிச்சைகள், 7.5 மில்லியன் சம்பளம், அணியை விட்டுப் போகவேண்டும் என்ற விருப்பம். ஃபிரான்சிஸ் அவரைத் தொடாமல் வின்ஸ் டன் என்ற இளம் தடுப்பு வீரரை எடுத்தார். கராஜில் ஒரு தம்பி கதிரையை விட்டே எழும்பிவிட்டான். அடுத்த பருவத்தில் டாரசென்கோ 34 கோல், 82 புள்ளி. தம்பி வென்றான் என்று நினைத்தோம். அதற்கடுத்த பருவத்தில் டன் 64 புள்ளி. ஒரு தடுப்பு வீரருக்கு அது சாதாரணமில்லை. டன் அங்கேயே நிலைத்தார். டாரசென்கோ அணி மாறி அணி மாறிப் போனார். என் தீர்ப்பைக் கேட்டால், ஃபிரான்சிஸ் எடுத்ததுதான் சரி. தம்பி இதை வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை வராமல் விடக்கூடாது.

இன்னொரு வாசலும் இருந்தது. அது எங்கள் கண்ணுக்குப் படவேயில்லை. ட்ராஃப்டுக்கு முந்திய சில நாள் சியாட்டில் மட்டும், ஒப்பந்தம் முடியப்போகிற வெளியே விடப்பட்ட வீரர்களோடு பேசலாம். பேசி முடித்தால் அந்த அணியிலிருந்து எடுக்கும் ஆள் அவர்தான். டலஸின் ஜேமி ஒலெக்சியாக், எட்மன்டனின் அடம் லார்சன், ஃபுளோரிடாவின் கிறிஸ் டிரீகர் மூவரும் அப்படித்தான் வந்தார்கள். நாங்கள் அந்த மூன்று அணிக்கும், ஒப்பந்தம் இருக்கிறவர்களில் யார் என்றே மண்டையை உடைத்தோம். கடையில் இல்லாத சாமானை வீட்டுக்காரன் நேரே போய் வாங்கி வந்துவிட்டான்.

இனி ரொறன்ரோ. இதைப் பற்றிப் பேசாமல் விடத்தான் நினைத்தேன், முடியவில்லை. ட்ராஃப்டுக்கு நாலு நாள் முன்னதாக, ஜூலை 17, பிட்ஸ்பர்க்கிடமிருந்து ஜாரெட் மக்கானை லீஃப்ஸ் வாங்கியது. கொடுத்தது ஃபிலிப் ஹலாண்டர் என்ற இளைஞனையும் ஓர் ஏழாம் சுற்றுத் தெரிவையும். பிட்ஸ்பர்க்குக்கு மக்கான் சும்மா போய்விடுவாரே என்று பயம். எங்கள் அன்றைய முகாமையாளர் கைல் டூபாஸ் எட்டுப் பேர் வழியைத் தேர்ந்திருந்தார்: மத்தியூஸ், மார்னர், நைலண்டர், டவாரஸ் என்ற நாலு முன்கள வீரர், ரைலி, புரோடி, மஸின், ஜஸ்டின் ஹோல் என்ற நாலு தடுப்பு வீரர். வெளியே நின்றவர்களில் அலெக்சாண்டர் கெர்ஃபூட்டும் நாலு நாள் லீஃப்ஸான மக்கானும். ஒருவர் போனால் மற்றவர் மிஞ்சுவார், ஹோலுக்கு ஆபத்தில்லை. கணக்கு அழகுதான். எங்கள் மேசையில் ஐந்து பேர் கெர்ஃபூட் என்று எழுதினோம். தங்கச்சி மட்டும் மக்கான் என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, சம்பளம் குறைவு, வயதும் குறைவு, அவ்வளவுதான் அண்ணை என்றாள்.

மக்கான் லீஃப்ஸ் சட்டை போட்டு ஒரு நாளும் ஆடவில்லை. சியாட்டிலில் முதல் பருவத்தில் 27 கோல், இரண்டாவதில் 40. அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில் தடுப்பு வரிசைக்கு ஆள் தேவைப்பட்டபோது, சியாட்டில் கல்கரியிலிருந்து எடுத்த ரொறன்ரோப் பிள்ளை மார்க் ஜியோர்டானோவையும், நியூயோர்க்கிலிருந்து எடுத்த கொலின் பிளாக்வெல்லையும் நாங்கள் வாங்கினோம். விலை இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவும் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவும். எக்ஸ்பான்ஷன் ட்ராஃப்டில் ஓர் ஆளைக் கொடுத்துவிட்டு, அதே ட்ராஃப்டில் போன வேறு இரண்டு ஆளைக் காசுக்கு வாங்கிய அணி எங்களுடையது. பெருமைப்படுங்கள்.

சியாட்டில் முதல் பருவத்தில் எடுத்தது 60 புள்ளி. வேகஸ் எங்கே, இவர்கள் எங்கே என்று ஊரெல்லாம் சிரித்தது. இரண்டாம் பருவத்தில் 100 புள்ளி எடுத்து, கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த கொலராடோவை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே ட்ராஃப்ட் இரவிலேயே ஒருவரை முட்டாள் என்று எழுதி ஒட்டவேண்டாம். நான் ஃபிரான்சிஸைப் பற்றி அன்றைக்குச் சொன்னதை உங்களில் யாரோ பதிவுசெய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. அழித்துவிட்டால் புண்ணியம்.

பெண்கள் லீக்கில் 2025 ஜூனில் வன்கூவருக்கும் சியாட்டிலுக்கும் ட்ராஃப்ட் நடந்தபோது, தங்கச்சி எங்களுக்கு இன்னொரு பாடம் எடுத்தாள். அங்கே பழைய அணி ஆறும் முதலில் காப்பாற்ற முடிந்தது மூன்றே மூன்று பேரை. ஒவ்வொரு அணியும் கடைசியில் நாலு பேரை இழந்தது. ரொறன்ரோவில் சேரா நேர்ஸ் வன்கூவருக்குப் போனார். போஸ்டனின் தலைவி ஹிலரி நைட் சியாட்டிலுக்கு. கிண்ணம் வென்ற மினசோட்டாவே கிளேர் தொம்சனையும் சோஃபி ஜாக்ஸையும் வன்கூவருக்குப் பறிகொடுத்தது. அங்கே பயத்தைக் கணிக்கத் தேவையே இல்லை, எல்லாருக்கும் ஒரே பயம், ஆட்டக்காரி எந்த ஊரில் இருக்க விரும்புகிறாள் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்றாள். நாங்கள் தேநீர் குடித்தோம்.

அடுத்த ஆண்கள் ட்ராஃப்ட் எப்போது வந்தாலும் 2017இன் பயமும் இராது, 2021இன் பயமும் இராது. 2021இல் கோவிட்டால் உச்சவரம்பு 81.5 மில்லியனில் உறைந்து நின்றது. எல்லாருக்கும் காசு முடை. 2025–26க்கு அது 95.5 மில்லியன். 2026–27க்கு 104, அதற்கடுத்த வருடம் 113.5 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரிய சம்பளத்தை இறக்கிவைக்கக் கெஞ்சிக்கொண்டு ஒருவரும் வரப்போவதில்லை. மாறாக, மலிவாக நல்லாட்டம் ஆடும் நடுத்தரத் தடுப்பு வீரருக்குத்தான் அடிபிடி நடக்கும் என்பது என் எண்ணம். லீஃப்ஸில் அப்படி யார் என்று பாருங்கள்; பெரிய பெயர்களை விடுங்கள். யூட்டாவைக் காட்டி வாதாட வேண்டாம். 2024இல் அங்கே அரிசோனாவின் ஆட்கள் அப்படியே இடம் மாறினார்கள், ட்ராஃப்ட் ஏதும் நடக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். கைதுடைக்கும் கடதாசியில் எழுதிய பெயரை வெட்டிவிடுங்கள். அட்லாண்டாவோ ஹியூஸ்டனோ உறுதியாகும் நாளில், ஒவ்வொரு அணிக்கும் முதலில் காப்பாற்றும் பட்டியலைப் போடுங்கள். பிறகு அந்த முகாமையாளரின் பயம் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகுதான் பெயர். முடிவில் சம்பளத்தைக் கூட்டிப் பாருங்கள். கணக்குக்குத் தங்கச்சியிடம் கொடுத்தால் நல்லது. இவ்வளவும் செய்தாலும் ஆறு கோல் போட்ட கார்ல்சன் நாற்பத்து மூன்று போடுவார் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. அதை எதிர்பார்த்து யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

பந்தயம் பழையபடி மட்டன் ரோல்ஸ்தான். இம்முறை இரண்டு பெட்டி.

வெள்ளி இரவு சந்திப்போம்.

இப்படிக்கு,
முப்பதில் ஆறு சரியாகச் சொன்ன உங்கள் அண்ணை